பதினான்கு படிகள்

மூன்றாவது போன் லைனில் இருந்தவன் சிரிக்கவில்லை.

பதினாறு வருடமாகக் காலை ஏழு மணிக்கு வானொலியில் திருச்சியைச் சிரிக்க வைப்பவர் அந்த அறிவிப்பாளர். பல் தேய்க்கிறவர்கள் நுரையோடு சிரித்திருக்கிறார்கள். சிரிக்காத மூச்சு ஒன்று காதில் பட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. போன் இன்னும் ஒலிபரப்பில் சேரவில்லை.

"சொல்லுங்க சார், மங்களத்துக்கிட்ட என்ன கேக்கணும்?"

மங்களத்தின் குரலிலேயே கேட்டார்.

மங்களம், தான் மூளையைக் கசக்கி உண்டாக்கிய பாத்திரம் என்று பேட்டிகளில் சொல்வார். கசக்கினாராம்! ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடு வந்தாள். கையில் செல்போன்கூட இல்லை. அவள் கீரைக்காரியிடம் பேரம் பேசுவது, பூனையைத் திட்டுவது, தும்முவது, எல்லாம் மறுநாள் ஏழு மணிக்கு வானொலியில் வந்துவிடும்.

ஏழு நாற்பதுக்குப் பால் பாக்கெட் எடுக்க அவள் இரும்புப் படியில் இறங்குவதை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறார்; அதுவும் வந்தது. அதற்கென்றே ஸ்டுடியோவில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார். ஸ்பூனால் தட்டுவார். டங். டங். டங்.

ஊர் அந்தச் சத்தத்துக்கே சிரிக்கும்.

"அவ இங்க இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுங்க. கெஞ்சிக் கேட்டிருக்கா" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள்.

"பேரைத்தான் மாத்திட்டேன்ல?" என்றார் அவர்.

பேரை மாற்றினார். குரலை அப்படியே விட்டுவிட்டார்.

போன வாரம் மங்களம் வாட்ஸ்அப்பில் கன்னியாகுமரி வரைக்கும் போய்விட்டாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை.

லைனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல்.

"அண்ணே, நம்ம ஊரு பேச்சு அப்பிடியே வருகு ஒங்களுக்கு."

"நன்றி சார்."

"ஒண்ணு மட்டும் விட்டுப்போட்டிய."

"என்ன சார்?"

"சிரிக்கும்போ வாயப் பொத்துவால்லா? இப்பவும் பொத்துகாளா?"

ஸ்பூன் கையிலேயே நின்றது.

பொத்துவாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். எப்படி உடைந்தது என்று அவர் கேட்டதில்லை. வானொலியில் அதைச் சொன்னதும் இல்லை. வாயைப் பொத்துவதற்குச் சத்தம் கிடையாதே.

"சார், நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"ஆட்டோவுல. ஒங்க வீட்டுக்குத்தான் வாறேன். யாரக் கேட்டாலும் வழி சொல்லுவாங்கன்னு நீங்கதானே ரேடியோவுல சொல்லுவிய. சரியாத்தான் சொன்னிய, அண்ணே. இந்தா, தெரு வந்தாச்சு."

லைன் அறுந்தது.

பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டார். எந்தப் பாட்டு என்று பார்க்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தெட்டு.

வீட்டு எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி எடுத்தாள்.

வாயைத் திறந்தார். பயத்தில் கீச்சென்று ஒரு குரல் வந்தது.

மங்களத்தின் குரல்.

"அவ... அவள மேலயே இருக்கச் சொல்லு..."

மனைவி சிரித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் இப்படித்தான் மங்களமாக வீட்டுக்குப் பேசி, அதையும் ஒலிபரப்புவார்.

"ஏங்க, காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா? சித்த இருங்க. உங்க ரசிகர் ஒருத்தர் எங்கேருந்தோ ஆட்டோவுல வந்திருக்கார். இப்பத்தான் உக்கார வச்சேன், காபி போடணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ன மனுசனோ. எதுக்குமே சிரிக்க மாட்டேங்குறார்."

"விளையாட்டில்ல..." என்றார். அதுவும் மங்களமாகவே வந்தது.

போனுக்குள், மனைவிக்குப் பின்னால், எங்கேயோ உயரத்தில்,

டங்.

மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஸ்பூன் அவர் கையில்தான் இருந்தது.

டங்.

நிகழ்ச்சியில் ஏழு தட்டோடு நிறுத்திக்கொள்வார். அதற்குமேல் நேயர்களுக்குப் பொறுமை இருக்காது.

வீட்டில் பதினான்கு படிகள்.

டங்.