சுண்டெலியின் கால் அளவு

“ஒரு பிள்ளைகூட இனி இதுல ஏறக் கூடாது. அடிக்கிளை எல்லாத்தையும் கழிச்சு விட்டுடு,” என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

மரம் வெட்டுகிறவர் மதில் ஓரத்து நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பிள்ளைகளில் ஆகச் சின்னவளான சுண்டெலியைக் கூப்பிட்டார். போன வாரம் கிளை நுனி ஒடிந்து விழுந்தவள் அவள்தான். முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

அவளை மரத்துக்கு அந்தப் பக்கம், மதிலை ஒட்டி நிறுத்தினார்.

“காலைத் தூக்கு பாப்பா. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் எட்டுமா?”

பாதம் நின்ற உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“பலே! பொடிசுக்குக்கூட எட்டாம பண்ணப் போறியா?” செயலாளருக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

“அளக்காம வெட்டறதில்ல சார்.”

ரம்பம் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு லீவு முழுக்க இந்த மரம்தான் கப்பல், கோட்டை எல்லாம். வரிசையாக நின்று முறைத்தார்கள். “ரம்ப மாமா ஒழிக!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மரம் ஏறி இதுங்க என்னத்தைக் கத்துக்கப் போகுதுங்க, சொல்லு?” செயலாளர் நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இறங்கக் கத்துக்கும் சார். ஏறறது எல்லாருக்கும் வரும்.”

ஒன்பது வருடமாகப் பதவியை விடாத செயலாளருக்கு அது விளங்கவில்லை.

முன்பக்கத்துக் கிளைகளை மரத்தோடு ஒட்ட அறுத்தார் மரம் வெட்டுகிறவர். மதில் பக்கம் போய் வெகுநேரம் ரம்பத்தை இழுத்தார். அப்புறம் அரத்தால் எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது.

“அங்க என்னய்யா இவ்வளவு நேரம்?”

“சிராய் நிக்குது சார். யார் கையிலயாவது குத்திடப் போகுது.”

செயலாளர் எழுந்து வந்து முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பூசின சுவர்போல வழுவழுவென்று இருந்தது.

“இனிமே பூனைகூட ஏறாது!” சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மற்ற பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். சுண்டெலி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

“எங்க மரத்தைக் கெடுத்துட்டீங்க. உங்க கூட டூ!”

ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தவர் செயலாளர் வீட்டுக் கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்து மதில் பக்கம் கூட்டிப் போனார்.

“கிளை நுனிதான் ஒடியும், அடிக்கட்டை ஒடியாது. ஏழு படி விட்டிருக்கேன். வலது காலை வெச்சு ஏறு, பாப்பா.”