போட்டோவில் இல்லாதது

யாரிடமும் கற்காமல், முகங்களைப் பார்த்துப் பார்த்தே வரையப் பழகியவர் அந்த ஓவியர். எட்டு வருடங்களுக்கு முன் காணாமல்போன தன் கணவரின் கல்யாணப் போட்டோவைக் கொடுத்து, "இப்ப எப்படி இருப்பாரோ அப்படி வரைஞ்சு கொடுங்கண்ணே, பேப்பர்ல போட்டுத் தேடணும்" என்று கேட்டிருந்தாள் ஒரு பெண்.

பத்து நாள் கழித்துப் படத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார் ஓவியர்.

"அவரேதான்" என்று கண் கலங்கினாள் அவள். பிறகு புருவத்தின் மேல் அவள் விரல் நின்றது. "இந்தத் தழும்பு போட்டோவில இல்லையே."

"கை தவறிடுச்சும்மா. அழிச்சுடறேன்."

"இல்லண்ணே, இது நிஜமாவே இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் படியில விழுந்து பட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு மேல் ஓவியரால் மறைக்க முடியவில்லை. "போன மாசம் இங்கதான் உட்கார்ந்திருந்தார்மா. கூட வந்திருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் சேர்த்து வரையச் சொன்னார்."