காந்தம் மட்டும்

எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். கடைசியாகத் தொடங்கி, முதலில் நிறுத்தினான்.

மேடையில் அவன் மனைவி. அவளுக்குப் பின்னால் திரையில், ஊதா நிறத்தில் ஒரு மேகம்.

பிளாஸ்மா. வாயுவைச் சூடாக்கிக்கொண்டே போய், அணுக்களே உடைந்த பிறகு கிடைப்பது. அதைக் காந்தத்தால் கட்டி நிறுத்தி, விண்கலத்துக்குக் கேடயமாகப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள் உள்ளே இருக்கும் மனிதர்களைத் தொடக்கூடாது.

முடியாது என்று ஆறு வருடங்களுக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவன் அவன்.

முடியும் என்று இப்போது காட்டிக்கொண்டிருப்பவள் அவள். அதே ஆய்வுக்கூடம். அதே எஃகுக் கலம். அவன் தலைமுழுகிவிட்டுப் போன அதே காந்தச் சுருள்கள்.

அவனுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் புலம்பித் தீர்த்திருப்பான். தினமும் பக்கத்தில் நின்று பல் தேய்க்கிறவள் செய்தால் எங்கே போய்ப் புலம்புவது?

அவள் அலட்டிக்கொள்ளவும் இல்லை. கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம். கேடயம் முதன்முதலாக நின்ற அன்று வீட்டுக்கு வந்து, நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டது என்பதுபோல. அடுப்படியில் இருந்தவன் நல்லது என்றான். அன்று அவன் வார்த்த தோசை ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

திரையில் இப்போது இரண்டு பிலிம் துண்டுகள். துகள் பட்டால் கருத்துப்போகும் பிலிம். கேடயம் இல்லாதது கருத்திருந்தது. கேடயத்துக்குப் பின்னால் வைத்தது பளிச்சென்று இருந்தது.

திட்டத்தை மதிப்பிட வந்திருந்த குழுவினர் தலையாட்டினார்கள். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த மாதிரிதான்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் ஒரு பழக்கம். யார் எதை எழுதினாலும் மற்றவர்தான் முதலில் ஓட்டை தேட வேண்டும். வீட்டில் வைத்துக் கிழித்துவிட்டால் சபையில் யாரும் கிழிக்க முடியாது.

போன மாதம் இந்தப் படங்களைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினாள். பார்த்த மாத்திரத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான்.

காந்தமே துகள்களை வளைக்கும். பிளாஸ்மா இல்லாமல் வெறும் காந்தத்தை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அத்தனை துகளையும் காந்தமே தடுத்திருந்தால் அந்த ஊதா மேகம் வெறும் அலங்காரம்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லி, படங்களை அடுக்கி அவளிடம் கொடுத்தான்.

வேறு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றான்.

இரண்டு நாள் கழித்தும் கேட்டாள். போன வாரம் கேட்டாள். நேற்று சாப்பிடும்போதுகூடக் கேட்டாள். தொண்டை வரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கினான். இந்த நாளுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

“கேள்விகள் இருக்கா?” என்றார் குழுத் தலைவர்.

அவன் கையைத் தூக்கினான். கணவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்து முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“டாக்டர் மங்கையர்க்கரசி, பிளாஸ்மா இல்லாம, காந்தம் மட்டும் வெச்சுப் பண்ணிப் பாத்தீங்களா?”

நினைத்ததைவிட இனிமையாகவே கேட்டான். வீட்டில் மங்கை என்று கூப்பிடுகிறவளை முழுப் பெயர் சொல்லி அழைத்தது நாக்குக்கு இதமாக இருந்தது.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு முகமாக விஷயத்தைப் புரிந்துகொண்டு வருவதை அவன் பார்த்தான். ஆறு வருடங்களில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அவள் அவனையே பார்த்தாள்.

கோபமில்லை. பயமில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு நிறுத்தத்தில் நிற்கிறவளின் முகம் அது.

பிறகு கையிலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

நன்றி என்று போட்ட படம் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் அர்த்தம். அவள் இன்னொரு முறை அழுத்தினாள்.

மூன்றாவது பிலிம்.

‘காந்தம் மட்டும்’ என்று மேலே எழுதியிருந்தது. பிலிம் கன்னங்கரேல் என்று இருந்தது.

காந்தம் தனியாக நின்று வளைத்தது போதவில்லை. தடுத்தது பிளாஸ்மாதான். அவன் ஆறு வருடங்களுக்கு முன்னால் முடியாது என்று எழுதியது, கேட்பார் கேள்வியில்லாமல் செத்துப்போனது.

படத்தின் மூலையில் தேதி இருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒன்றும் தோன்றவில்லை என்று அவன் சொன்ன நாளுக்கு மறுநாள்.

அவளே கண்டுபிடித்திருக்கிறாள். சோதனையையும் செய்து முடித்திருக்கிறாள். அதன் பிறகும் அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இந்த முறை கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. தலைவர் எழுந்து நேராக அவனிடம்தான் வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு என்ன அழகாகச் செய்தீர்கள் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததே இல்லை என்றார். அவன் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தான்.

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவன் பக்கத்தில் வந்ததும் நின்றாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“வீட்லயே கேப்பீங்கன்னு இருந்தேங்க.”

தலைவர் இன்னும் அவன் கையை விடவில்லை.