சேவை செய்ய வந்த வெண்டைக்காய்

குடியிருப்புப் பெண்களே சேர்ந்து தங்கள் தெருவில் ஒரு காய்கறிக் கடை திறந்தார்கள். அதுவரை அந்தத் தெருப் பெட்டிக்கடையில் தின்பதற்குத் தொங்கியதெல்லாம் சிப்ஸ் பாக்கெட்தான்.

முதல் நாள் காலையில், கூடையின் மேலே படுத்திருந்த வெண்டைக்காய் பக்கத்து உருளைக்கிழங்கிடம் சொன்னது: "பாவம்ப்பா, பச்சைக் காயையே பார்க்காத ஜனங்க. இவங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கையெடுத்துக் கும்பிடப் போறாங்க பாரு."

அதே தெருவில் குடியிருக்கும் பவுனம்மா காய் வாங்க வந்தாள். கும்பிடவில்லை. வெண்டைக்காயின் நுனியைப் பிடித்து ஒடிக்கப் பார்த்தாள்.

"அநியாயத்தைப் பார்த்தியா! உதவி செய்ய வந்தவனைப் போய்ச் சோதிக்கலாமா?" என்று கத்தியது வெண்டைக்காய்.

நுனி ஒடியவில்லை, வளைந்தது. "முத்தல்" என்று அதை ஓரமாகப் போட்டுவிட்டு, பவுனம்மா அடுத்ததை எடுத்தாள்.

உருளைக்கிழங்கு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது: "சேவை செய்ய வந்தது சரிண்ணே. கொஞ்சம் பிஞ்சா வந்திருக்கக் கூடாதா?"