எந்தப் பக்கம்

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. புது வீட்டுக்கு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்க வந்த கதிரேசன், செவ்வந்தியைக் கடையில் சுற்றிலும் ஸ்பீக்கர்கள் வைத்திருந்த நடு நாற்காலியில் உட்கார வைத்தான்.

"எனக்குப் படம், உனக்குப் பாட்டு. ரெண்டுக்கும் எது சரிவரும்னு நீயே சொல்லு."

கடைக்காரர் காட்டிய மூன்று ரிசீவரிலும் பாட்டுக் கேட்டுவிட்டு, மூன்றுமே நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

"அப்போ மூணையும் வாங்கிடுவோமா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே படத்தைப் போட்டார். "கண்ண மூடிக்கோங்க மேடம். ஆட்டோ எந்தப் பக்கம் போகுது?"

ஆட்டோ எங்கோ போனது. சொல்லிவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நிச்சயமான நாளிலிருந்து செவ்வந்தி தெருவில் அவனுக்கு இடப்புறமாகவே நடந்து வந்திருந்தாள்.

"இன்னொரு தடவ போடட்டுமா?"

"வேணாங்க." கண்ணைத் திறந்து கதிரேசனைப் பார்த்தாள். "எனக்கு எடது காது பொறந்ததுலேருந்தே கேக்காது."