முப்பத்தோராம் மாடியின் முதல் கத்தரிக்காய்

செடி வளர்க்க வைத்திருந்த தண்ணீர்க் குழாய்களைக் குடியிருப்பு நிர்வாகம் பிடுங்கிவிட்டு வீட்டுக்கொரு மண்தொட்டி கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தோராம் மாடியில் முதலில் காய்த்தது ரெஜினா வீட்டுக் கத்தரி. அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கோமளத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இருபது வருடம் மண்ணே இல்லாமல் சத்துநீரில் செடி வளர்த்துப் பரிசெல்லாம் வாங்கியவள் கோமளம். அதே பழக்கத்தில் மண்ணுக்கும் தினம் மீட்டர் வைத்து, பி.எச். 5.8-க்கு இறங்கும்வரை அமிலம் விட்டாள். இரண்டு வேளையும் சத்துநீர் ஊற்றினாள். மண்ணில் உப்புப் பூத்தது. இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. ஊற்றியதுதான் கெடுத்தது என்று போன வாரம்தான் புரிந்தது.

இன்று ரெஜினாவே கதவைத் தட்டினாள்.

“முதல் காய் உங்களுக்குத்தான்க்கா. நான் பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் ஊத்தல, ஏதோ குருட்டாம்போக்குல காய்ச்சிருக்கு. இனி என்ன போடணும்னு நீங்கதான் சொல்லணும்.”

கோமளம் காயை வாங்கிக்கொண்டாள். அதன் மினுமினுப்பு கண்ணைக் குத்தியது. அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த சத்துநீர்ப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

“காலையில ரெண்டு மூடி, சாயந்தரம் ரெண்டு மூடி. மறந்துராத, என்ன?”

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வேற யாருக்கா இப்படித் தொழில் ரகசியத்தத் தூக்கிக் குடுப்பாங்க?”