வகுப்பே வாயி

சத்துணவு அரிசி மூட்டை அறையை மேடம் இன்று திறக்கச் சொல்லவில்லை. நேராக ஐந்தாம் வகுப்புக்குள் போனாள். முப்பிடாதிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வாரம் ஒருநாள் வந்து முப்பிடாதியைத் தனியே கூட்டிப் போகிற பேச்சுப் பயிற்சி மேடம், இன்று தரையில்.

அந்த அறையில் பிள்ளை பேசும். மூட்டைகளுக்கு நடுவே, திக்கித் திணறியாவது, காலையில் தின்ற பழையது வரை சொல்லிவிடும்.

வகுப்புக்குத் திரும்பினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வருடமாக இதே கதை. இவளுக்கு வருத்தம்கூட வருவதில்லை. இந்த வேலையில் அதுதான் முதலில் காய்த்துப்போகும், உள்ளங்கை மாதிரி.

போன வாரம் முப்பிடாதியின் அம்மாக்காரி வாசலில் நின்று சொன்னாள். காலெல்லாம் உப்பு அப்பியிருந்தது.

"தனியா வச்சுப் பேச வச்சி என்னத்துக்கு மேடம்? நாலு பேரு முன்னால வாயத் தொறக்கலேன்னா இந்த வருசத்தோட நிப்பாட்டி, உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்க வாய் வேண்டாம். கை போதும்."

டீச்சர் வருகைப் பதிவை விரித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"முப்பிடாதி."

"உள்ளேன் டீச்சர்!"

சொன்னது மொத்த வகுப்பு.

டீச்சர் சிரித்தார். "அவளுக்கு என்ன மேடம், வகுப்பே வாயி."

பாசம்தான். தினமும் அவளுக்காகச் சொல்லிச் சொல்லி, அவள் சொல்லவே தேவையில்லாமல் ஆக்கிவிட்ட பாசம்.

"இனிமே அவளுக்காக யாரும் சொல்லக் கூடாது." மேடத்தின் குரலில் ஈரம் இல்லை. "இன்னொரு தடவை கூப்பிடுங்க டீச்சர்."

"முப்பிடாதி."



பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு முன்னே சாய்ந்தது. பின்னே சாய்ந்தது.

பயத்தில் ஆடுகிறது என்று மேடம் நினைத்தாள். எத்தனையோ பள்ளிக்கூடத்தில் பார்த்தாயிற்று. போதும், அடுத்த பெயருக்குப் போங்கள் என்று சொல்லக் கையைத் தூக்கினாள்.

ஆட்டமில்லை அது.

பிள்ளை எட்டிப் பார்க்கிறது. இவளைத் தாண்டி.

திரும்பினாள். இந்தப் பக்கம் ஜெனோவா. எப்போதும் முப்பிடாதியை ஒட்டியே உட்காருகிறவள், மேடம் வந்ததால் நகர்ந்துகொண்டவள். சத்தமே இல்லாமல், மெதுவாக, 'உள்ளேன் டீச்சர்' என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

கை இறங்கியது.

எழுந்தாள். பின்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

ஜெனோவா நகர்ந்து ஒட்டிக்கொண்டாள்.

டீச்சர் மறுபடி கூப்பிட்டார். திக்கித் திக்கி ஒற்றைக் குரல் எழுந்தது.

அங்கிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரிந்தன. வாய் தெரியவில்லை.